லொறித் தராசுக்கு ஒரு கம்பைலர்

கைத்தொலைபேசி லொக்கருக்குள்.
அடையாள அட்டை மேசைமேல்.
பென்டிரைவ் எத்தனை, என்ன நிறம்?
துறைமுக வாசலில் உபசேன
கொப்பியைத் திருப்பி எழுதுகிறார்:
நீலம், ஒன்று.

உள்ளே தராசறைக் கணினிக்கு
உலகம் என்பது லொறிகளின் எடை மட்டும்.
இணையக் கம்பியைக் கத்தரித்து
முனையில் சிவப்பு டேப் சுற்றி
அதன்மேல் யாரோ கையொப்பமும் வைத்திருக்கிறார்கள்.

கம்பைலரைத் தொடங்கினேன்.
சான்றிதழ் செல்லாது என்றது.
அதை வழங்கிய நாள் இன்னும் வரவில்லையாம்.
பார்த்தால் உள்ளே பற்றரி செத்து
கணினி இருப்பது இரண்டாயிரத்து மூன்றில்.
ஏ-ஒன்பது வீதி திறந்திருந்த வருஷம்.
ஒரு நிமிஷம் அப்படியே விட்டுப் பார்த்தேன்.
பிறகு திகதியைத் திருத்தினேன்.

அடுத்தது:
நூலகம் ஒன்றைக் காணவில்லை.
எங்கள் வீட்டில் இந்த வசனத்தை
எவரும் சாதாரணமாகச் சொல்வதில்லை.
திரை சொல்கிறது,
ஓகே என்ற ஒரேயொரு பொத்தானோடு.

வெளியே வந்து ஜம்பட்டா வீதிவரை நடந்தேன்.
மிஸ்னாவின் கொமியூனிகேஷன் கடையில்
ஃபேன் காற்றுக்குப் பறக்கும் பில் கட்டின்மேல்
ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்தபடி
அவள் இறக்கித் தந்தாள்.
கொண்டுவந்து போட்டால்
அது இன்னொன்றைக் கேட்கிறது.
அந்த இன்னொன்று வேறொன்றை.
கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால்
மச்சானுக்கும் தனிக் கார்டு வேண்டுமென்று நிற்பாரே,
அப்படி.
நீலம், ஒன்று.
நீலம், ஒன்று.
நான்காவது தடவை உபசேன நிமிரவேயில்லை,
மேலே உள்ளது போல் என்று
இரண்டு சின்னக் கோடு போட்டார்.

கடைசிக் கோப்பு வழியில் பழுதாகியிருக்குமோ?
அதற்கு ஒரு கைரேகை உண்டு, அறுபத்துநாலு எழுத்தில்.
கடதாசியில் எழுதிவந்து
வாசல் மேசைத் தொலைபேசியில் மிஸ்னாவுக்கு வாசித்தேன்:
ஏழு, எஃப், மூன்று, சைபர், ஏ...
‘இல்லையே’ என்றாள்.
மறுபடி, முதலிலிருந்து.
‘இல்லையே, அக்கா.’

உபசேன காதிலிருந்த பேனையை எடுத்து
கடதாசியைத் தொட்டார்.
‘மிஸ், இங்கே மூன்று ரெண்டு தரம் இருக்கு.
நீங்க ஒண்டுதான் வாசிக்கிறீங்க.’
மேசைக்கு அந்தப் பக்கமிருந்து,
தலைகீழாக.
பதினெட்டு வருஷம் கொள்கலன் இலக்கம் பார்த்த கண்.

வாசலில் நின்று இலக்கம் சொல்லும்போது
நான் எப்போதும் அவசரப்படுவேன்.
அதை அவருக்குச் சொல்லவில்லை.
மெதுவாக வாசித்தேன்.
மூன்று. மூன்று.
அவர் பேனை முனை ஒவ்வொரு எழுத்தின்கீழும் நகர்ந்தது.
மிஸ்னா ‘சரி’ என்றாள்,
அதே மூச்சில் வேறு யாருக்கோ
‘போட்டோகொப்பி எத்தனை?’

ஐந்தரைக்குத் தொகுத்து முடித்தது.
எச்சரிக்கை பதினேழு. பிழை இல்லை.
சோதித்துப் பார்க்க லொறி இல்லை,
கடைசி லொறியும் போய்விட்டது.
உபசேனவை ஏறி நிற்கச் சொன்னேன்.
தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு
பாரலொறி நிற்கும் இரும்புத் தட்டின் நடுவில்
தனியாகப் போய் நின்றார்.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
வெளிப்பலகையில் சிவப்பாக அறுபது.

‘பொய். நான் அறுபத்தேழு.’

என் பங்குக்கு நானும் ஏறினேன்.
கடற்காற்று, டீசல் மணம்,
கிரேன் ஒன்று பாதியில் நின்று மறுபடி அசைந்தது.
நூற்றிருபது.

திரும்பிவந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு
அதையும் கொப்பியில் பதிந்தார்.
நிறம் என்ற நிரலுக்கு வந்தபோது
கொஞ்சம் யோசித்து
கோடொன்று இழுத்தார்.